பதிமூணு நிமிஷம் குறைஞ்ச கேம்ஷாஃப்ட்

அந்த ஷெட்டுல போயி "அண்ணே, ஒரு கேம்ஷாஃப்ட் போடணும்"னு சொன்னா, முதல்ல உக்காரச் சொல்வாரு. உக்காந்தோமோ, தொலைஞ்சோம். வண்டிய எங்க ஓட்டுவ? யாரு ஓட்டுவா? எதுக்கு ஓட்டுவ? இந்த மூணுக்கும் நேரா பதில் வராம மனுஷன் ஸ்பேனரத் தொட மாட்டாரு. பொண்ணு குடுக்குற வீட்டுல கூட இவ்வளவு துருவ மாட்டாங்க. அதனால தெருவுல அவருக்கு கேள்விக்காரர்னே பேரு. சொந்தப் பேரு கரண்ட் பில்லுல மட்டும்தான் இருந்துச்சு.

கேம்ஷாஃப்ட்டுன்னா பெரிய மாயம் ஒண்ணும் இல்ல. முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புத் தண்டு, அதுல வரிசையா முட்டை மாதிரி மேடுங்க. இன்ஜின் எப்ப மூச்ச இழுக்கணும், எப்ப விடணும், எவ்வளவு நேரம் வாயத் தொறந்து வச்சிருக்கணும்னு அந்த மேடுங்கதான் உத்தரவு போடும். மேடு சின்னதா இருந்தா வண்டி சொன்ன பேச்சு கேக்கும், மெதுவா போனாலும் இழுக்கும். பெருசா இருந்தா, வேகம் ஏற ஏற வெறி பிடிச்சுப் பாயும். ஆனா சும்மா நிக்கும்போது குடிச்சவன் மாதிரி தள்ளாடும். தடக், தடக், நடுவுல ஒரு யோசனை, மறுபடி தடக். ரேஸ் கிறுக்கு பிடிச்சவனுக்கு அந்தத் தள்ளாட்டத்தக் கேட்டாத்தான் சோறு இறங்கும்.

வர்றவன் பூரா பெருசுதான் கேப்பான். முக்காவாசிப் பேரு சின்னத வாங்கிட்டுப் போவான். ஒருத்தன் வந்து நின்னான். "யாரு ஓட்டுவா?"ன்னாரு.

"நான்தாண்ணே. அப்பப்ப மாமியார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்."

"அந்தம்மாவுக்கு உன்மேல நல்ல அபிப்பிராயம் உண்டா?"

"அவ்வளவா இல்லண்ணே."

"அப்ப சின்னதே போடுவோம்."

இன்னொரு பிடிவாதமும் உண்டு. புது கேம்ஷாஃப்ட் போட்டு முதல் முதலா இன்ஜினக் கிளப்பினா, இருபது நிமிஷம் அக்சிலரேட்டர விடாம ஒரே வேகத்துல ஓட்டணும். நடுவுல வேகத்தக் குறைச்சு சும்மா நிக்க விட்டா, மேட்டுக்கு எண்ணெய் பத்தாது. புது இரும்பு புது இரும்ப அரைச்சுத் தின்னுடும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. ஒரு மாசம் கழிச்சுப் பிரிச்சா, முட்டை இருந்த இடத்துல கூழாங்கல்லு இருக்கும். சுவத்துல இதுக்குன்னே ஒரு கடிகாரம் மாட்டி வச்சிருந்தாரு. அந்த இருபது நிமிஷத்துல தெருவே தீப்பிடிச்சாலும் திரும்பிப் பாக்க மாட்டாரு.

தீப்பிடிக்கல. ஆனா ஒரு தடவ சம்பந்தக்காரங்க வந்தாங்க. கல்யாணப் பேச்சுக்குப் பொண்ணோட சேத்து அவங்க வீட்டுல எல்லாரும் வந்து வாசல்ல நிக்கிறாங்க, மாப்பிள்ளையான நம்ம கேள்விக்காரர் கார்புரேட்டர்ல கைய வச்சுக்கிட்டு, கண்ணக் கடிகாரத்துல வச்சுக்கிட்டு அசையாம நிக்கிறாரு. பொண்ணோட அப்பா கைக்குட்டையால காத மூடிக்கிட்டாரு. பொண்ணோட சித்தி, "பையனுக்குக் காது கேக்காதா?"ன்னு கத்தி விசாரிச்சாங்க. பொண்ணோட தம்பி மட்டும்தான் உள்ள வந்து பக்கத்துல நின்னான். பத்தொம்பது வயசு, ஒல்லிக்குச்சி. இருபது நிமிஷம் ஆனதும் இவரு கைய எடுத்தாரு. இன்ஜின் இறங்கி தடக், தடக்னு தள்ளாட ஆரம்பிச்சுது. அந்தத் தம்பி சிரிச்ச சிரிப்பு இருக்கே, நல்ல சேதி கேட்ட மாதிரி. வெளிய போயி, "அப்பா, அக்காவ இங்கயே குடுங்க"ன்னுட்டான். பொண்ணுகிட்ட அப்புறம்தான் கேட்டாங்க. "என்னமோ, பொய் சொல்றவரா தெரியல"ன்னு அது சொல்லிச்சாம்.

அந்தத் தம்பிக்குப் பட்டப்பேரு அவசரம். பொறக்கும்போதே ஒரு மாசம் முந்திப் பொறந்தவன். சாப்பிடும்போது ரெண்டாவது வாய் முதல் வாய முந்தும். பேச ஆரம்பிச்சா வாக்கியத்தோட வாலு வர்றதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிடுவான். வயசானதுக்கப்புறமும் பேரு மாறல. வேலை ஒரு கம்பெனியில, கணக்குப் பாக்குறது. லீவு நாளெல்லாம் மாமாவோட ஷெட்டுலதான். கேள்விக்காரர் கட்டுற இன்ஜினையெல்லாம் ரேஸ் மைதானத்துல ஓட்டிப் பாத்து, "மாமா, மூணாவது கியர்ல கொஞ்சம் முனகுது"ன்னு வந்து சொல்றவன் அவன்தான். இவருக்குக் கை, அவனுக்குக் காலு. கல்யாணம் பண்ணிக்கலயான்னு கேட்டா, "அதுக்கு மட்டும் அவசரம் இல்ல"ம்பான். நாப்பத்தி மூணு வயசு வரைக்கும் அதே பதில்.

அவனுக்குன்னு ஒரு பழைய ரெண்டு கதவு வண்டி. அதோட இன்ஜின் பிரிச்ச நிலையில ரெண்டு வருஷமா ஷெட்டு மூலையில இரும்புத் தாங்கியில நின்னுச்சு. ஊரான் வண்டியெல்லாம் முடிஞ்சு போகும், சொந்தக்காரன் வண்டி துணி போத்திக்கிட்டு நிக்கும். எந்தத் தொழில்லயும் அப்படித்தானே.

அப்புறம் அவன் வயித்துல கட்டின்னாங்க. ஆஸ்பத்திரியில தொறந்து பாத்தாங்க, பாத்துட்டு மூடிட்டாங்க. டாக்டர் அக்காவ மட்டும் தனியாக் கூப்பிட்டு, ரெண்டு மாசம்னு சொன்னாரு. அக்கா வெளிய வந்து, "கட்டி கரையறதுக்கு மருந்து குடுத்திருக்காங்க"ன்னு தம்பிகிட்ட சொன்னாங்க. வீட்டுக்கு வந்து புருஷன்கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லி, அடுப்படியில குழாயத் தொறந்து விட்டுக்கிட்டு அழுதாங்க. கேள்விக்காரர் அன்னைக்கு ஒரு கேள்வியும் கேக்கல.

ஒரு வாரம் கழிச்சு அவசரம் ஷெட்டுக்கு வந்தான். சட்டை ஹாங்கர்ல தொங்குற மாதிரி தொங்குச்சு. நடை மட்டும் வேகம்.

"மாமா, என் இன்ஜின முடிச்சுடுங்க."

"முடிச்சுடுவோம் மாப்ள."

"முன்னூத்தி நாலு போடுங்க."

ஷெல்ஃபுல ரெண்டு பெட்டி இருந்துச்சு. ஒண்ணு இருநூத்தி அறுபது, இன்னொண்ணு முன்னூத்தி நாலு. வால்வு எவ்வளவு நேரம் தொறந்திருக்கும்ங்கற கணக்கு அது. முன்னூத்தி நாலுன்னா அந்தத் தெருவுலயே பெருசு. அத அவசரம்தான் பல வருஷத்துக்கு முன்னாடி ஆசையா வாங்கி வச்சான். பெட்டிமேல அவன் கையெழுத்து, பேனாவுல: "தொடாதீங்க. எனக்கு."

"சரி மாப்ள"ன்னாரு. அவ்வளவுதான். எங்க ஓட்டுவ, யாரு ஓட்டுவா, எதுக்கு ஓட்டுவ, ஒண்ணும் கேக்கல. நம்ம வீட்டுப் பையன், அவனப் பத்தித் தெரியாதா நமக்குன்னு இருந்துட்டாரு.

அவன் போனதும் உக்காந்து அவர் கேள்விய அவரே கேட்டு, அவரே பதிலும் சொல்லிக்கிட்டாரு. கடைசியா ஒரு தடவ ரேஸ் மைதானத்துல ஓட்டணும்னு ஆசப்படுறான். வேற எதுக்கு இருக்கும்? முன்னூத்தி நாலப் போட்டா சும்மா சும்மா கியர் மாத்தணும், கிளட்ச்ச மிதிக்கணும், ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டணும். அந்தக் கைக்கு இப்ப டம்ளரே கனம். சின்னதப் போட்டா, மூணாவது கியர்ல போட்டுட்டு ஒரு சுத்து முழுக்க மெதுவா வரலாம். கையும் வலிக்காது, காலும் வலிக்காது. பக்கத்துல அக்கா கூட உக்காரலாம்.

பெரிய பெட்டிய ஒரு பழைய பனியன்ல சுத்தி மேல் ஷெல்ஃபுல பின்னாடி தள்ளினாரு. சின்னத எடுத்துப் போட்டாரு. கிளட்ச் ஸ்பிரிங்க கூட மெலிசா மாத்தினாரு. இன்ஜினக் கிளப்பி, இருபது நிமிஷம், கடிகாரத்தப் பாத்து, ஒரு நொடி குறையாம ஓட்டினாரு. கைய எடுத்தாரு. இன்ஜின் தூங்குற பூனை மாதிரி முனகிச்சு.

அங்கதான் வந்துச்சு சிக்கல். அவசரம் வந்து கேட்டா ஒரு நொடியில கண்டுபிடிச்சுடுவான். அதனால கேள்விக்காரர் வாழ்க்கையில முதல் தடவையா, நல்லா ஓடுற இன்ஜினக் கெட்டதா ஓட வச்சாரு. பொறி விழுற நேரத்தக் கொஞ்சம் தள்ளி வச்சாரு, பெட்ரோல் கலவையக் கொஞ்சம் கெடுத்தாரு. பூனை எழுந்து தள்ளாட ஆரம்பிச்சுது. தடக், தடக். தூரத்துலேர்ந்து கேட்டா பெருசுதான்.

பக்கத்துக் கடை லேத்துக்காரரு கையில டீயோட எட்டிப் பாத்தாரு. ஊர் வம்பு பூரா அவர் பட்டறையிலதான் கடைசல் ஆகும். கொஞ்ச நேரம் காதக் குடுத்துக் கேட்டுட்டு, "என்னய்யா, உன் இன்ஜின் நடிக்குது?"ன்னாரு.

"வாய மூடிட்டு டீயக் குடி."

"குடிச்சவன் தள்ளாடுறதுக்கும், பொண்டாட்டிகிட்ட தப்பிக்கக் குடிச்ச மாதிரி தள்ளாடுறதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

"அவனுக்குத் தெரியாம இருந்தா போதும்."

லேத்துக்காரரு டீயக் கீழ வச்சாரு. அப்பத்தான் அவருக்கும் விஷயம் எட்டுச்சு. ஒண்ணும் பேசாம அவர் கடைக்குப் போயிட்டாரு. அந்த மனுஷன் பேசாமப் போனது அந்தத் தெருவுக்கே புதுசு.

மறுநாள் காலையில அக்கா தம்பியக் கூட்டிட்டு வந்தாங்க. இன்ஜின் வண்டிக்குள்ள உக்காந்திருந்துச்சு. கேள்விக்காரர் சாவியத் திருப்பினாரு. தடக், தடக்.

அவசரம் கண்ண மூடினான். மூஞ்சியில அந்தப் பத்தொம்பது வயசுச் சிரிப்பு வர ஆரம்பிச்சுது. பாதியில நின்னுச்சு. கண்ணத் தொறந்தான். எட்டி, கார்புரேட்டர்ல அக்சிலரேட்டர் கம்பியில ரெண்டு விரல வச்சு லேசா அழுத்தினான். இன்ஜின் திக்காம, திணறாம, பால் பொங்குற மாதிரி எழும்பிச்சு.

பெரிய கேம்ஷாஃப்ட்டா இருந்தா குறைஞ்ச வேகத்துல கொஞ்சம் திக்கும். அது அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவனே சாவியத் திருப்பி நிறுத்தினான்.

"மாமா, இது எது?"

கேள்விக்காரர் துணியில கையத் துடைச்சாரு. சுத்தமான கைதான், இருந்தாலும் துடைச்சாரு. "கை வலிக்காம ஓட்டணும்ல மாப்ள. மைதானத்துல ஒரு சுத்து..."

"யாரு ஓட்டப் போறா?"

"நீதான்."

"மாமா, டாக்டரு அக்காகிட்ட பேசின ரூமுக்கு அந்தப் பக்கம் ஒரு தடுப்புதான் இருந்துச்சு. பலகை. நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன்."

அக்கா கையில இருந்த பை கீழ விழுந்துச்சு. மருந்துப் பாட்டில் உருண்டு வண்டிக்கு அடியில போச்சு. யாரும் குனியல.

"நான் ஓட்டப் போறதில்லன்னு எனக்குத் தெரியும்"னான். எப்பவும் தடதடன்னு பேசுறவன், அன்னைக்கு ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வச்சான். "அந்தச் சத்தம் காதுல விழணும், அவ்வளவுதான். என் இன்ஜின், என் கேம்ஷாஃப்ட், சும்மா நிக்கும்போது எப்படித் தள்ளாடும்னு. பத்து வருஷமா மனசுக்குள்ளயே ஓட்டிப் பாத்துட்டிருக்கேன். நெசமா எப்படி இருக்கும்னு தெரியணும்." அப்புறம் கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, "ஊர்ல போற வர்றவன்கிட்டல்லாம் மூணு கேள்வி கேப்பீங்க. என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கலாம் மாமா."

அவசரம் அக்கா தோளப் பிடிச்சு, "வா, போலாம்"னான். வாசல்ல நின்னு, திரும்பாமலே, "தள்ளாட வச்சீங்க பாருங்க, அது நல்லா இருந்துச்சு. முக்கா நிமிஷம் ஏமாந்துட்டேன்"னான். அந்த நிலையிலயும் குத்தாமப் போக அவனால முடியல.

அவரு அன்னைக்கே பிரிக்க ஆரம்பிச்சாரு. இன்ஜின வெளிய எடுத்து, முன் பக்கத்தத் தொறந்து, செயினக் கழட்டி, சின்னத உருவினாரு. மேல் ஷெல்ஃபுலேர்ந்து பனியன் மூட்டைய இறக்கினாரு. லேத்துக்காரரு கூப்பிடாமலே வந்து நின்னு, குடுன்னதக் குடுத்தாரு, பிடின்னதப் பிடிச்சாரு. முன்னூத்தி நால கேள்விக்காரர் உள்ள விட ஆரம்பிச்சாரு. "மெதுவா. மாப்பிள்ளைய உள்ள அனுப்புற மாதிரி அனுப்பு"ன்னாரு லேத்துக்காரரு. இவரு சிரிக்கல. அவரும் எதிர்பாக்கல.

நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாள்ல அவசரம் நாப்பது நாள் இளைச்சான். அக்கா தினமும் தம்பி பக்கத்துலேர்ந்து ஷெட்டுக்குப் போன் பண்ணுவாங்க. "இன்னும் எவ்வளவுங்க?" "ரெண்டு நாள்." "சாப்பாடு நின்னுடுச்சுங்க." "சீக்கிரம் முடிச்சுடறேன்." அவரால சீக்கிரம் முடிக்கவும் முடியல. அந்த வேலைய அவசரமாச் செஞ்சு பழக்கம் இல்ல.

ஞாயித்துக்கெழம காலையில பின் சீட்டுல படுக்க வச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. லேத்துக்காரரு தூக்கிட்டு வந்து நாற்காலியில உக்கார வச்சாரு. "என்னப்பா, காத்து நிரப்பாத டியூப் மாதிரி ஆயிட்ட"ன்னாரு. "ஒரு நாள் நான்தான் உங்களத் தூக்கிட்டுப் போவேன்னு நெனச்சேன், ஆளு மாறிப் போச்சு"ன்னான் அவசரம். குரல் பாதிதான் வந்துச்சு. அக்கா பின்னாடி நின்னு அவன் தலைய வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டாங்க.

இன்ஜின் முதல் சுத்துலயே பிடிச்சுக்கிச்சு. கேள்விக்காரர் ஒரே வேகத்துல பிடிச்சு வச்சாரு. சத்தம் தகரக் கூரையப் போயி முட்டிச்சு. கடிகாரம் பத்து அஞ்சு.

இருபது நிமிஷம். இப்ப வர்றது வெறும் உறுமல். அவன் கேக்க வந்தது இது இல்ல. அந்தத் தள்ளாட்டம் இருபது நிமிஷத்துக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. அவசரத்துக்கும் அது தெரியும். சட்டம் தெரிஞ்சவன், பொறுமையா உக்காந்திருந்தான். வாழ்க்கையில முதல் தடவ.

மூணு நிமிஷம். நாலு. அஞ்சாவது நிமிஷம் அவன் கழுத்து சாஞ்சுது. அக்கா நிமித்திப் பிடிச்சாங்க. ஆறாவது நிமிஷம் கண்ணு சொருக ஆரம்பிச்சுது. அக்கா புருஷன் மூஞ்சியப் பாத்தாங்க, அப்புறம் சுவத்துக் கடிகாரத்தப் பாத்தாங்க. முன்ன ஒரு நாள் வாசல்ல நின்னு பாத்த அதே கடிகாரம். லேத்துக்காரரு பக்கத்துல வந்து காதுல கத்தினாரு: "இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்குய்யா."

தெரியும். அவருக்குத் தெரியாதா. முப்பது வருஷத்துல ஒரு தடவ கூட ஒரு நிமிஷம் குறைச்சதில்ல. குறைச்சவனப் பத்தி யாராவது சொன்னா, அவன் கொலைகாரன்ம்பாரு.

கைய எடுத்தாரு.

உறுமல் இறங்கிச்சு. ஒரு நொடி செத்துப் போற மாதிரி இருந்துச்சு. அப்புறம், தடக். தடக். நடுவுல ஒரு பெரிய யோசனை. தடக், தடக், தடக். வண்டி முழுசும் இடமும் வலமும் ஆடிச்சு. மேஜையில இருந்த நட்டுங்க ஒண்ணோட ஒண்ணு மோதி நடந்து போச்சு. நடிப்பு இல்ல இது.

அவசரம் கண்ணத் தொறந்தான். கடிகாரத்தத்தான் முதல்ல பாத்தான்.

"மாமா." உதடுதான் அசைஞ்சுது. கேள்விக்காரர் குனிஞ்சு காதக் குடுத்தாரு.

"இருபது ஆகலையே."

"உன் அவசரம் எனக்கும் ஒட்டிக்கிச்சு மாப்ள."

"கெடுத்துட்டீங்க."

"ஆமா."

அவன் சிரிச்சான். கைய நீட்டினான். அக்கா அந்தக் கையப் பிடிச்சு வண்டியோட மட்கார்டுமேல வச்சு, அதுமேல தன் கையையும் வச்சாங்க. இன்ஜின் ஆடுன ஆட்டத்துக்கு ரெண்டு கையும் சேந்து நடுங்கிச்சு. நாலு நிமிஷம் அப்படியே இருந்தாங்க. அப்புறம் அவன் தூங்கிட்டான். கேள்விக்காரர் சாவியத் திருப்பி நிறுத்தினாரு.

பதினோரு நாள் இருந்தான் அதுக்கப்புறம். பேசினது கொஞ்சம். பேசினதுல பாதி அந்தச் சத்தத்தப் பத்தி. மனசுல ஓட்டினதவிட கொஞ்சம் கீழ்ஸ்தாயியா இருந்துச்சுன்னு அக்காகிட்ட சொன்னானாம்.

எல்லாம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு கேள்விக்காரர் இன்ஜினத் தொறந்து பாத்தாரு. எட்டு மேட்டுல ஏழு நல்லா இருந்துச்சு. மூணாவது சிலிண்டரோட ஒரு மேடு மட்டும் தேஞ்சு, நுனி தட்டையாப் போயிருந்துச்சு. லேத்துக்காரரு எட்டிப் பாத்துட்டு, "கழட்டிக் குடு, பத்த வச்சு மேட்டக் கட்டிக் கடைஞ்சு தர்றேன்"னாரு. கடையில கேட்டா புதுசே கிடைக்கும். கேள்விக்காரர் மூடிய எடுத்து அப்படியே மூடி, ஒவ்வொரு போல்ட்டா முறுக்கினாரு.

இப்பவும் வர்றவன்கிட்ட கேள்வி கேக்குறாரு. ஆனா முன்ன மாதிரி அடுக்கறதில்ல. முதல் கேள்வியக் கேட்டுட்டு, அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் சும்மா இருக்காரு. சில பேரு வண்டியப் பத்தி ஆரம்பிச்சு வீட்டுக் கதை வரைக்கும் சொல்லிட்டுப் போறாங்க. லேத்துக்காரருக்கு அதுல நல்ல வரும்படி, வம்புக் கணக்குல.

அந்த ரெண்டு கதவு வண்டி ஷெட்டுலதான் நிக்குது. சில ஞாயித்துக்கெழம காலையில அக்கா வருவாங்க. உக்கார மாட்டாங்க. "ஒரு தடவ போடுங்க"ம்பாங்க. அவரு சாவியத் திருப்புவாரு. தடக், தடக். அந்தம்மா மட்கார்டுமேல கைய வச்சுக்கிட்டு நிப்பாங்க. இத்தன வருஷத்துல புருஷன்கிட்ட இன்ஜினப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல. ஒரு நாள் கேட்டாங்க.

"நடுவுல டிக் டிக்குன்னு ஒண்ணு வருதே. அன்னைக்கு இது இல்லயே. என்னது அது?"

"ஒரு மேடு தேஞ்சு போச்சு. அன்னைக்குப் பதிமூணு நிமிஷம் குறைச்சோம்ல, அதனால."

கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே நின்னாங்க.

"சரி பண்ணிடாதீங்க"ன்னாங்க.

"பண்ணல"ன்னாரு.